ஆயுத பூஜையில் தொலைந்த மூக்கு

வழுக்கி விழுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் முதலில் சிரிப்புதான் வரும். எனக்கும் வரும். அதனால் நான் விழுந்தபோது எங்கள் பட்டறையில் எல்லோரும் சிரித்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதுவும் கையில் பொரித்தட்டோடு ஒருவன் மல்லாக்க விழுந்தால் சிரிக்காமல் இருக்க மனுஷனால் முடியுமா? பொரி கூரைத் தகரம் வரைக்கும் எகிறி, மழை மாதிரி கொட்டியதாம். அதைப் பார்க்க எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

என் பெயர் ஏழுமலை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளை ரிப்பேர் பார்க்கும் பட்டறை ஒன்றில் மெக்கானிக். முதலாளி பஷீர் பாய். ஐந்து வேளை தொழுகிற மனுஷன். ஆயுத பூஜை வந்துவிட்டால் எங்களைவிட அவருக்குத்தான் பரபரப்பு. "மாலைய பெர்சா வாங்குங்கடா, பக்கத்துப் பட்டறக்காரன் பாத்து வயிறெரியணும்" என்பார். நான் விழுந்தது அந்தப் பூஜை அன்றைக்குத்தான். இப்போது நன்றாக இருக்கிறேன், வாய் முன்னைவிட அதிகமாகவே ஓடுகிறது. என்னைப் போல எண்ணெயில் நின்று பிழைக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, சொல்வதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

பட்டறைத் தரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் எது கொட்டினாலும் நாங்கள் துடைக்கமாட்டோம். மரத்தூளை அள்ளித் தூவுவோம். அது எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். அதன் மேல் மண், மறுபடி எண்ணெய், மறுபடி தூள். வருஷம் முழுக்க இப்படிச் சேர்ந்து சேர்ந்து தரையில் கறுப்பாக ஒரு பொறுக்கு கட்டிவிடும். பார்க்கக் கலீஜாக இருக்கும், ஆனால் கால் வைத்தால் பிடித்துக்கொள்ளும். பூஜைக்கு முதல் நாள் என்ன செய்வோம்? அந்தப் பொறுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, சோப்புத் தூள் போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவோம். சாமி கும்பிடுகிற இடம் என்று செருப்பையும் வாசலில் கழற்றிவிடுவோம். ஆக, வருஷம் பூராவும் அழுக்கில் விழாதவன் சுத்தம் செய்த அன்றைக்கு விழுந்தேன்.

ஆபீஸ் அறையிலிருந்து பொரித்தட்டை எடுத்துக்கொண்டு பூஜை இடத்துக்கு வந்தேன். அங்கே சந்தனப் பொட்டும் மாலையுமாக ஜாக்கியெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஈரக்கால். கழுவிய சிமெண்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மண்ணெண்ணெய்ப் படலம். வலது கால் முன்னால் போனது, நான் பின்னால் போனேன். கையில் தட்டு இருந்ததால் தரையில் ஊன்றக் கை இல்லை. பின்மண்டை நேராகத் தரையில். அதற்கப்புறம் நடந்தது மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

"நைனா, போதும் எந்திரி, பொரி அல்லாம் பூட்ச்சு" என்று யாரோ சொன்னார்களாம். நான் எழுந்திருக்கவில்லை. பஷீர் பாய்தான் முதலில் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். என்னைத் தன் காரில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். போகிற வழியில் கண் விழித்து, "பாய், சாமிக்குச் சூடம் காட்டியாச்சா?" என்று கேட்டேனாம். கேட்டுவிட்டு அவருடைய புது சீட் கவர் மேல் வாந்தியும் எடுத்தேனாம்.

தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தால் ஆஸ்பத்திரியில் சும்மா விடமாட்டார்கள். பின்மண்டையில் தையல் போட்டார்கள். பிறகு சிடி ஸ்கேன். வட்டமான குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் தலையை மட்டும் அனுப்பிப் படம் எடுப்பார்கள். வலிக்காது, அசையாமல் படுத்திருந்தால் போதும். எனக்கு அசையாமல் இருப்பதுதான் கஷ்டம். படத்தில் மூளையின் முன்பக்கம், புருவத்துக்குப் பின்னால், சின்னதாக ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

செல்வி வந்தாள். என் பெண்டாட்டி. காசிமேட்டில் கருவாடு விற்கிறாள். கடலுக்குப் போகிற குடும்பத்துப் பெண். சந்தையிலிருந்து அப்படியே ஓடி வந்தவள் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"கிட்ட வா செல்வி."

"குளிக்கலய்யா. அப்டியே வந்துட்டேன்" என்றாள்.

இது ஒரு பழைய விஷயம். கல்யாணமான புதிதில் என் அக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வூடே நாறுது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து செல்வி சந்தையிலிருந்து வந்தால் நேராகக் குளியலறைதான். எலுமிச்சைச் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கை தோல் உரிகிற வரைக்கும் குளித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வருவாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் மண்டை உடைந்து கிடக்கும்போதும் அதே ரவுசு. "சத்தியமா ஒரு நாத்தமும் இல்ல, வா" என்றேன். நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்பது எனக்கே அப்போது தெரியாது. தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தலையில் அடிபட்டவனை நர்ஸுகள் அடிக்கடி தட்டி எழுப்பி, பேர் என்ன, எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள். கண்ணில் டார்ச் அடிப்பார்கள். மூளைக்குள் ரத்தம் கூடினால் முதலில் பேச்சு குழம்பும், அதைக் கண்டுபிடிக்கத்தான். இந்த விவரத்தை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். ஒரு தரம் எழுப்பிக் கேட்டபோது, சலிப்பில், "நான் சென்னைத் துறைமுகத்துச் சேர்மன், கப்பல்ல கீறேன்" என்றேன். அவ்வளவுதான். டாக்டர் ஓடி வந்தார், ஸ்ட்ரெச்சர் வந்தது, மறுபடியும் அந்தக் குகைக்குள் தலை. ஒன்றும் கூடவில்லை என்று தெரிந்தபின் அந்த நர்ஸம்மா என் பக்கத்தில் வந்து, "சேர்மன் சார், இனிமே ஒழுங்கா பேர் சொல்றீங்களா?" என்றார். தலையைச் சோதிக்கிறவர்களிடம் யாரும் ஜோக் அடிக்காதீர்கள்.

எங்கள் வார்டில் பாதிப் பேர் விழுந்தவர்கள். மற்ற இடங்களில் புதிதாக வந்தவனிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள். இங்கே, "நீ எதுல வழுக்குன?" என்றுதான் கேட்பார்கள். ஒருவர் கிரீஸில், ஒருவர் ரேடியேட்டர் தண்ணியில், துறைமுகத்துக்காரர் ஒருவர் இறால் பெட்டியிலிருந்து ஒழுகிய ஐஸ் தண்ணியில். பக்கத்துக் கட்டில் தேவராஜ், லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிறவர். சோப்பு நுரையில், அடி தேய்ந்த ரப்பர் செருப்போடு நடந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். கால் மேலே தொங்க, எடை கட்டிப் படுத்திருந்தார். என் கதையைக் கேட்டதும் எடை ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"தோஸ்து, நாங்க அல்லாம் வேல செஞ்சி வுயுந்தோம். நீ சாமி கும்புட்டு வுயுந்தியா?"

"சாமி என்னிய கும்புடச் சொல்லுச்சு. தரையத் தேய்க்கச் சொல்லல" என்றேன்.

அந்த வார்டில் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. வாயைத் திறந்தால் தையல் இழுக்கும், எலும்பு வலிக்கும், அதற்காக யாரும் நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொருவனும் நடுவில் நடுவில் தன் காலையோ கையையோ பார்த்துக்கொள்வான். திரும்பி வேலைக்குப் போவோமா என்ற பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. எனக்கு மட்டும்தான் பயமில்லை. தையல் பிரித்தால் வீட்டுக்குப் போகலாம், எனக்கென்ன என்று ராஜா மாதிரி இருந்தேன்.

அப்போதுதான் பிரியாணி வந்தது. பஷீர் பாயின் வீட்டில் செய்து, பெரிய அடுக்கில் கட்டிக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தார். வார்டே திரும்பியது. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தேவராஜ் படுத்த நிலையிலேயே, "பாய், இன்னா இது, மனுசன சாவடிக்கிறீங்களே" என்று கத்தினார். நான் மட்டும் எட்டிப் பார்த்து, "இன்னா பாய், வெறும் சோறா?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள், வழக்கம்போல ஜோக் அடிக்கிறேன் என்று. நான் அடுக்கை வாங்கி மூக்குக்கு நேராக வைத்து இழுத்தேன். சூடு தெரிந்தது. ஆவி முகத்தில் பட்டது. வாசனை இல்லை. ஒரு வாய் அள்ளிப் போட்டேன். உப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது, கறி மெத்தென்று இருப்பது தெரிந்தது. பிரியாணியைக் காணோம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த டெட்டால் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன், அது தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

ஏன் வியர்த்தது என்றால், என் பிழைப்பே மூக்குதான். டிரைவர்கள் என்னை மூக்கு ஏழுமலை என்பார்கள். லாரி பட்டறைக்குள் நுழையும்போதே கிளட்ச் பிளேட் கருகிய வாசனையா, பிரேக் சூடாகி வந்த வாசனையா என்று சொல்லிவிடுவேன். இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் கசிந்தால் லேசாக இனிப்பு அடிக்கும். ஆயில் அளக்கிற கம்பியை உருவி முகர்ந்தால் இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறதா என்று தெரியும். மற்றவர்கள் பிரித்துப் பார்த்துச் சொல்வதை நான் முகர்ந்து சொல்வேன், அதில் எனக்குத் திமிரும் உண்டு. அந்த மூக்கு போய்விட்டது.

டாக்டர் ஒரு சின்ன வயசு அம்மா, பொறுமைசாலி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். "மூக்கோட மேல்பக்கத்துல ஒரு எலும்பு இருக்கு, ஏழுமலை. டீ வடிகட்டி மாதிரி பொடிப் பொடி ஓட்டை. அந்த ஓட்டை வழியா முடியைவிட மெல்லிசான நரம்புங்க மூளைக்குப் போகுது. வாசனையைக் கொண்டு போறது அதுங்கதான். பின்னாடி அடி பட்டப்ப உள்ள மூளை முன்னாடி போய் குலுங்கியிருக்கு. அந்த நரம்புங்க அறுந்திருக்கும், இல்ல நசுங்கியிருக்கும்."

"ஒட்ட வைக்க முடியாதா டாக்டர்? வெல்டிங் மாதிரி?"

"முடியாது. தானா வளர்ந்தாத்தான் உண்டு. சிலருக்கு சில மாசத்துல வரும். சிலருக்கு வராமலே போயிடும். வந்தா முதல்ல தப்பு தப்பா வரும், பயப்படக்கூடாது" என்றார். பிறகு ஒரு பயிற்சி சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனதால் நினைக்க வேண்டும். பழகப் பழக நரம்பு வழி கண்டுபிடிக்கலாமாம். "டீசல் மோந்து பாக்கலாமா?" என்று கேட்டேன். கூடவே கூடாது என்று திட்டினார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தேன். அரசு ஆஸ்பத்திரி என்பதால் செலவு எங்களை மூழ்கடிக்கவில்லை. வெளியில் வாங்கிய மருந்துகளைப் பஷீர் பாய் பார்த்துக்கொண்டார். தெருவே விசாரிக்க வந்தது. மூக்கு போன கதையைக் கேட்டதும் ஒருத்தருக்கும் இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. "நம்ம ஏரியால மூக்கு இன்னாத்துக்கு மாமு? கால்வா, கெமிக்கல் கேஸு, மீன் மார்க்கெட்டு. உனக்கு விடுதலடா" என்றார்கள். ஒருத்தர், எந்தத் தரையில் விழுந்தாய், நானும் வந்து விழுகிறேன் என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. தைலம் மூக்கில் எரியும்; எரிச்சல் வேறு நரம்பு, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தை பிறந்து வேலைக்குப் போனேன். பாய் அதற்குள் பட்டறையில் சட்டம் போட்டிருந்தார். எண்ணெய் கொட்டினால் உடனே துணியால் துடைத்துவிட்டு அப்புறம்தான் தூள். நடக்கிற வழியில் ரப்பர் விரிப்பு. எல்லோர் காலிலும் பிடிப்புள்ள ஷூ, பூஜை அன்றைக்கும் கழற்றக்கூடாது. "சாமி ஷூவ மன்னிச்சுரும். உன் பொண்டாட்டி என்னிய மன்னிக்க மாட்டா" என்றார். வேலை செய்தேன், கை மறக்கவில்லை. ஆனால் ஒரு பழைய டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, "மூக்கு, வாசம் புடிச்சி சொல்லு" என்று ஆசையாகக் கூப்பிட்டபோது குனிந்து கியர்பாக்ஸ் பக்கம் முகத்தை வைத்தேன், சும்மா வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "பிரிச்சிப் பாத்துட்டு சொல்றேன்ணே" என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்க்க என்னவோபோல் ஆகிவிட்டது.

உண்மையான பயம் வீட்டில்தான் வந்தது. ஒரு சாயங்காலம் செல்வி வருவதற்குள் பால் காய்ச்சி வைக்கலாம் என்று அடுப்பில் வைத்தேன். பக்கத்து அறையில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எனக்கென்ன தெரியும்? கொசு கடித்தது. கொசுவத்திச் சுருளை எடுத்து வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்தேன். குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"யோவ்! கீழ போடுய்யா அத!" என்று வாசலிலிருந்து ஒரு சத்தம். செல்வி தலைக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என் கையிலிருந்த குச்சியைத் தட்டிவிட்டாள். அடுப்பை மூடினாள், ஜன்னல் கதவெல்லாம் திறந்தாள், என்னைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப்போனாள். அங்கே நின்று என் முதுகில் அடி அடியென்று அடித்தாள். அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"வூடு பூரா நாறுது, உனுக்கு ஒன்னியும் தெர்ல இல்ல?"

"தெர்ல செல்வி."

"சரி. இனிமே நான்தான் உனுக்கு மூக்கு" என்றாள்.

அன்றிலிருந்து அவள் பழக்கம் மாறிவிட்டது. சந்தையிலிருந்து வந்ததும் குளியலறைக்குப் போவதில்லை. முதலில் அடுப்படி, சிலிண்டர் பக்கம் முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் ஃபேன் சுவிட்சு, ஃபிரிட்ஜ், மீதி வைத்த குழம்பு. வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, களைத்துப்போய் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள், "குளிச்சிட்டு வரேன்" என்று எழுந்தவள், பாதியில் நின்று, "உனுக்குத்தான் எதுவும் தெர்லயே, நான் இன்னாத்துக்கு ஓடணும்?" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். அன்றைக்கு யார் பேரம் பேசினார்கள், எந்தப் படகு என்ன கொண்டுவந்தது, எந்தப் போலீஸ்காரர் ஓசியில் நெத்திலி கேட்டார் என்று பேசிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் நான் கேட்டதெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான். இவளுக்கு இவ்வளவு கதை தெரியுமா என்று எனக்கு ஆச்சரியம். மூக்கு போனதில் எனக்குக் கிடைத்த லாபம் அது.

மாசி கடைசியில் வாசனை வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்! காலையில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன், கிளட்ச் பிளேட் கருகுகிற நாற்றம். தூக்கி வைத்துவிட்டு, எங்கேயோ லாரி எரிகிறது என்று வெளியே ஓடிப் பார்த்தேன். லாரி எதுவும் இல்லை. ரோஜாவை முகர்ந்தால் சாக்கடை. செல்வி வைத்த மீன் குழம்பு, ஒயர் எரிகிற மாதிரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். அவள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"என் கொயம்பு உனுக்கு ஒயரா?"

"கோச்சுக்காத செல்வி. ஒயர்தான், ஆனா காரமான ஒயர்."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கை தட்டாத குறை. நரம்பு வளர்ந்து வந்து இடம் மாறி ஒட்டியிருக்கிறது, மெல்லச் சரியாகலாம், இதோடு நின்றாலும் நிற்கலாம் என்றார். தப்பாக வந்தாலும் வந்ததே! பட்டறையில் பாய் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயும் எனக்குக் கருகல்தான். குடித்தேன், சந்தோஷமாகக் குடித்தேன். இருந்தாலும் உள்ளூர ஒரு நடுக்கம் போகவில்லை. கருகாத கிளட்ச்சைக் கருகியதாகச் சொல்கிற மூக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வராத மூக்கைவிட பொய் சொல்கிற மூக்கு பேஜாரு. நல்ல வண்டியைப் பிரித்துப்போட்டு டிரைவரிடம் திட்டு வாங்கப்போகிறேன் என்று தோன்றும்.

பங்குனி வெயில் ஏறியது. கருவாடு நன்றாகக் காய்கிற காலம், செல்விக்குச் சந்தையில் கூட்டம் அதிகம். அன்று இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள். கூடையை மூலையில் வைத்தாள், அடுப்படியைச் சுற்றினாள், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். ஃபேன் காற்று அவள் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது.

முதலில் உப்பு வந்தது. அப்புறம் வெயில் பட்ட சாக்கு. அதற்குப் பின்னால் கெட்டியாக, சந்தேகமே இல்லாமல், கருவாடு. கருகல் இல்லை, ஒயர் இல்லை, சாக்கடை இல்லை. அசல் கருவாடு, அதோடு அவள் வியர்வை. நான் மூச்சை இழுத்தேன், மறுபடி இழுத்தேன், விட்டால் போய்விடுமோ என்று பயந்து பயந்து இழுத்தேன். போகவில்லை.

"செல்வி, உம்மேல கருவாட்டு வாசன வருது!"

அவள் தேள் கொட்டின மாதிரி எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளியலறையைப் பார்த்து நடந்தாள். கதவு வரைக்கும் போனவள் அப்படியே நின்றாள். திரும்பினாள்.

"இன்னா சொன்ன?"

"கருவாடு. மெய்யாலுமே."

"டபாய்க்கிறியா?"

"எங்கம்மா மேல சத்தியம்."

அவள் வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். கூடையை நடு வீட்டுக்கு இழுத்து வந்து கொட்டினாள். என் கண்ணைத் தன் முந்தானையால் கட்டினாள். ஒவ்வொன்றாக என் மூக்கின் கீழே நீட்டினாள். "இது?" "நெத்திலி." "இது?" "வாளை." "இது சொல்லு பாப்போம்?" "சென்னாகூனி, அந்தப் பொடி எறா." ஒவ்வொரு பதிலுக்கும் அவள் மூச்சு வேகமாகிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. அடுத்ததற்கு, "சுறா" என்றேன். அவள் அதைத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்வது கேட்டது.

"திருக்கை" என்றாள். "அது உனுக்கு எப்பவுமே தெர்யாது. சுறான்னுதான் சொல்லுவ. பழைய மூக்கேதான்யா வந்துகீது!"

கட்டை அவிழ்த்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வீடு முழுக்கக் கருவாடு பரந்து கிடந்தது. மாடி வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, "யார்மா அது, இந்நேரத்துல கருவாட்டக் கொட்டுனது, வாட தாங்கல" என்று கத்தினார். எனக்கும் வருகிறது அக்கா, எனக்கும் வருகிறது என்று நான் பதிலுக்குக் கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். தன் கையை ஒரு தரம் முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "குளிச்சிட்டு வரட்டா?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை ஒரு கேள்வியாகக் கேட்டதே இல்லை.

"இப்ப இன்னா அவசரம்? குந்து" என்றேன்.

குந்தினாள். காலை நீட்டிக்கொண்டாள். அப்புறம், இன்னைக்கி சந்தையில என்ன நடந்துச்சு தெரியுமா என்று ஆரம்பித்தாள்.